எழுதின கை

"இதை எழுதின கையை ஒடிக்கணும் சார்."

மீட்டிங் அறைச் சுவரில் இருந்த பெரிய திரையில் தெரிந்த புரோகிராமைக் காட்டிச் சொன்னார், டீமிலேயே வயதில் மூத்தவரான அவர்.

காலையில் ஒரு தெருவுக்குப் போக வேண்டிய கம்பெனியின் பார்சல்கள் மொத்தமும் வேறொரு தெருவில் போய் இறங்கியிருந்தன. மேலாளரின் முகம் சிவந்து கிடந்தது.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

"மூணு ஃபங்ஷன் சார், புரோகிராம்ல ஒவ்வொண்ணும் ஒரு வேலை செய்யிற துண்டு. ஒண்ணு முகவரியைச் சுத்தம் பண்ணும். அடுத்தது ஏரியாவைக் கண்டுபிடிக்கும். மூணாவது எந்த வண்டின்னு முடிவு பண்ணும். முதல் ஆள் குடுக்கிறதை அடுத்த ஆள் வாங்கி, தன் வேலையை முடிச்சுக் கைமாத்தி விடணும். நடுவுல யாரும் யார் பையிலயும் கை விடக் கூடாது. இங்க ஒரு மகானுபாவர் ஏரியாவைத் தேடப்போய், முகவரியையே மாத்தி வெச்சிருக்கார்."

வார்த்தைக்கு வார்த்தை டீம் லீடர் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

போன வருஷம்வரை அவர் பழைய பாணியில் புரோகிராம் எழுதியவர்; எதற்கெடுத்தாலும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைக்க ஒரு கிளாஸ் வேண்டும், அதற்குள் ஒரு ஆப்ஜெக்ட் வேண்டும். ஃபங்ஷன்களைக் கோர்க்கச் சொன்னபோது, கோர்ப்பதற்கென்றே ஒரு கிளாஸ் எழுதிக்கொண்டு போய் நின்றார்.

"மூணு பேர் கை கோத்துக்கிட்டு நிக்க ஒரு மேனேஜர் எதுக்கு சார்?" என்று சிரித்தாள் டீம் லீடர். அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். எழுதியதையெல்லாம் திருப்பித் திருப்பி அனுப்பினாள். சுருக்கென்று தைத்தாலும் கற்றுக்கொண்டார். நடுவில் அவருடைய மகள் போன் செய்தால், "புஜ்ஜி கூப்பிடுறா, பேசிட்டு வாங்க சார்" என்று அனுப்பி வைப்பதும் அவள்தான்.

கற்றுக்கொண்ட பிறகு யார் தப்பு செய்தாலும் அவருக்குப் பொறுக்கவில்லை. இன்று மீட்டிங்கிலும் அப்படித்தான்.

"அடிப்படையே தெரியாத ஆளையெல்லாம் எப்படி சார் வேலைக்கு வெச்சுக்கறீங்க?"

"யார் எழுதினது?" என்றார் மேலாளர்.

புரோகிராமைக் கீழே நகர்த்திக்கொண்டிருந்த டீம் லீடர் சட்டென்று திரையை அணைத்தாள்.

"நான்தான் சார்."

குற்றம் சொன்னவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மேலாளர் அவள் பக்கம் திரும்பினார். "வேற யாராவதா இருந்தா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நீங்கங்கிறதால விடுறேன். ஆனா லீடர் பொறுப்பு இனிமே உங்களுக்கு வேண்டாம்."

"சரி சார்."

எல்லாரும் கலைந்த பிறகு வராந்தாவில் அந்த மூத்தவர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை எத்தனை தடவை திருப்பி அனுப்பினீங்க? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டீங்களே. எனக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?"

"தப்புதான் சார். பழைய கிளாஸைப் பிரிக்கும்போது கவனிக்காம விட்டுட்டேன். அதைக் கொஞ்சம் நீங்களே சரி பண்ணிடறீங்களா?"

"நீங்க போட்ட குப்பையை நான் அள்ளணுமா?"

"நீங்கதான் அள்ளணும் சார். வேற யார்கிட்டயும் குடுக்க மனசில்லை."

சொல்லிவிட்டு லீடருக்கான மேஜையைக் காலி செய்யப் போய்விட்டாள்.

'பேச்சைப் பாரு' என்று முணுமுணுத்தபடி தன் இடத்தில் உட்கார்ந்து அந்த ஃபங்ஷனைத் திறந்தார். மேலே இருந்த சில வரிகள் மட்டும் புதுசு. மீதியெல்லாம் பழைய கிளாஸுக்குள்ளிருந்து அப்படியே எடுத்து வைத்தது. எரிச்சலோடு கீழே நகர்த்தினார்.

முகவரியை மாற்றி எழுதும் அந்த வரி வந்தது. மாற்றியதைத் தற்காலிகமாகப் போட்டு வைக்க அங்கே, எழுதுகிறவர் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளும் ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

எழுதின கை அதற்கு வைத்திருந்த பெயர், புஜ்ஜி.