கிணற்றில் நின்ற தண்ணீர்

மருமகன் சொன்னதைக் கேட்டு மாமனாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உருளைக்கிழங்குக்கு ஒரு வாய்க்கால் விட்டு ஒரு வாய்க்காலில்தான் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமாம். விட்டுப்போனதற்கு அடுத்த முறையாம்.

"ஏன் மாப்பிள்ளை, சோறு போடும்போது ஒருத்தருக்குப் போட்டுட்டு அடுத்தவரைத் தாண்டிப் போவீங்களா?"

"கிணறு வத்திட்டா அடுத்த நடவு கிடையாது மாமா."

"வத்தினா வத்தட்டும். என் வயல் அரைவயிறா கிடக்காது."

அறுவடையன்று மண்ணைக் கிளறியதும் உள்ளங்கை கொள்ளாத கிழங்குகள் உருண்டு வந்தன.

"பாத்தீங்களா? வயிறு முட்டக் குடிச்ச கிழங்கு!"

மருமகன் முகம் சுண்டிப்போய் நகர்ந்துவிட்டார்.

கிழங்கும் கையுமாகக் கிணற்றை எட்டிப் பார்த்த மாமனார் அப்படியே நின்றார். வழக்கமாக இந்த மாதத்தில் கிணறு வற்றி, தவளைகூடக் குடிமாறிப் போயிருக்கும். இன்றோ கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், வானத்தையே ஏந்திக்கொண்டு நின்றது.

"ஏய், இங்க வா! புது ஊத்து திறந்திருக்கு!"

மாமியார் வந்து பார்த்தார். "ஊத்துமில்ல, ஒண்ணுமில்ல. நீங்க மோட்டாரைப் போட்டுட்டு டீக்கடைக்குப் போயிடுவீங்க. மடை திருப்பினது நான்தானே? ஒண்ணு விட்டு ஒண்ணுதான் திருப்பினேன். பாதியில மோட்டாரையும் நிறுத்திடுவேன்."

"மொத்த வயலுக்குமா?"

"ஆரம்பத்துலேருந்தே."

மாமனார் கிணற்றைப் பார்த்தார்; கையில் கனத்த கிழங்கைப் பார்த்தார்; மறுபடி கிணற்றைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. உங்க மானம் போகுமேன்னு சொல்லல."

"நானே சொல்லிடறேன்" என்றார் அவர், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதைப் பாத்த பிறகு பொய் சொல்ல வாய் வராது. நீ அடுத்த நடவுக்கு விதைக்கிழங்கை எடுத்து வை."