ஆணியில் மிஞ்சிய துண்டு

ஆணியில் ஒரு துண்டு மிச்சமிருந்தது.

அவன் நின்று பார்த்தான். எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அவரவர் துண்டை எடுத்துக்கொண்டு படியிறங்கியதை அவனே வாசலில் நின்று பார்த்திருந்தான்.

பழைய லாட்ஜின் கடைசி மாடி. ஒரு காலத்தில் சாப்பாட்டுக் கூடமாக இருந்த நீளமான அறை. ஒரே வாசல். வாசலையும் சன்னல்களையும் பாலித்தீன் தாளால் மூடியிருந்தார்கள். கூரைக்கு அடியில் பதித்திருந்த ஆஸ்பெஸ்டாஸ் பலகைகளைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து, உடையாமல் கழற்றி, இரட்டை உறை போட்டுக் கட்டி, மதியமே வண்டியேற்றியாயிற்று.

இனி கூரையை உடைக்க வேண்டியதுதான். மொட்டை மாடியில் நின்று அடித்தால் கான்கிரீட் அத்தனையும் இந்த அறைக்குள் விழும்.

அதற்குத்தான் வாசலுக்கு வெளியே சுவரில் அந்த ஆணி.

அறைக்குள் போகிறவர் துண்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். முகமூடியும் வெள்ளை உடுப்பும் போட்டுவிட்டால் பெற்ற தாய்க்கே ஆள் அடையாளம் தெரியாது. துண்டை வைத்துத்தான் யாரென்று சொல்ல முடியும். துண்டு தொங்கும்வரை மேலே கூரையில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆணி காலியென்றால் யாரையும் கேட்க வேண்டாம், அடிக்கலாம்.

சட்டம் அவன் போட்டது.

"வாய் பொய் சொல்லும், ஆணி சொல்லாது. ஆணியப் பாரு, என்னைப் பாக்காத." புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லாமல் விடமாட்டான். மேஸ்திரி ஆனதிலிருந்து அவனுக்கு இருக்கும் ஒரே பெருமை இதுதான்.

இந்தத் துண்டு யாருடையது?

அவனுடையது இல்லை. இன்று அவன் துண்டே கொண்டுவரவில்லை. வீட்டுக் கொடியில் ஈரமாகக் கிடந்தது, விட்டுவிட்டு வந்தான். மேற்பார்வை பார்க்கிறவனுக்கு உள்ளே என்ன வேலை?

"யாருய்யா உள்ள?"

வாசல் பாலித்தீன் மெதுவாக உள்ளே குழிந்தது. பிறகு வெளியே உப்பியது.

தூசி உறிஞ்சும் மிஷினை அப்போதே அணைத்தாயிற்று. காற்றும் இல்லை.

பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை அவன். ஆனால் இப்போது பயமாக இருந்தது. முகமூடிக்குள் மூச்சு முட்டிச் சுருண்டு விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறான். உள்ளே ஒருவர் அப்படிக் கிடந்தால், ஓடிப்போய் ஆளைக் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஆணியிலிருந்து துண்டை எடுத்துத் தடவிப் பார்த்தான்.

ஈரமாக இருந்தது.

வெள்ளை உடுப்பை மாட்டினான். முகமூடியை இழுத்துக் கட்டி, ஓரத்தில் காற்றுப் புகாமல் சுற்றிலும் டேப் ஒட்டினான். அவசரத்திலும் அதில் குறை வைக்கவில்லை. பாலித்தீனை விலக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

டார்ச் வெளிச்சத்தில் தூசி மிதந்தது. காலுக்குக் கீழே விரிப்பு ஈரத்தில் வழுக்கியது.

யாரோ மூச்சு விடும் சத்தம்.

அவன் தன் மூச்சை அடக்கினான். சத்தமும் நின்றது. தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் சிரிப்பு வந்தது. தன் மூச்சுக்கே பயந்தவன் என்று வெளியே தெரிந்தால், கூரை உடைக்கும் சவரிமுத்து வாழ்நாளெல்லாம் ஓட்டுவான்.

மறுகோடி வரை போனான். பரிமாறும் மேடைக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். பாத்திரம் கழுவும் தொட்டிக்குள்ளும் வெளிச்சம் அடித்தான்.

ஒருவரும் இல்லை.

வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. முகமூடியை மறந்து, முகம் துடைக்கத் துண்டை எடுத்தான்.

முனையில் பச்சை நூல் தையல்.

துவைக்கிற இடத்தில் மாறிவிடக் கூடாதென்று அவன் மனைவி போட்டுத் தரும் தையல். பாதியில் நூல் தீர்ந்து, மீதியைக் கறுப்பு நூலில் முடித்திருந்தாள். உலகத்தில் அப்படி ஒரு துண்டுதான் உண்டு.

அது வீட்டில் கொடியில் கிடந்தது. அவன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தான்.

இப்போது அவன் கையில் இருக்கிறது.

கையில்.

அப்படியானால் ஆணியில்?

வெகு தொலைவில், வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்கள். அஞ்சலையின் குரல் படிக்கட்டில் மேல்நோக்கிப் போனது. எப்போதும் அவள்தான் ஆணியைப் பார்த்து மேலே சொல்வாள்.

"ஆணி காலிண்ணே! அடிக்கலாம்!"

மொட்டை மாடியிலிருந்து சவரிமுத்து கேட்டான்.

"மேஸ்திரிய ஒரு வார்த்த கேட்டியா?"

"அவரு சொன்னதுதானண்ணே. ஆணியப் பாரு, என்னைப் பாக்காதன்னு."

அவன் கத்தினான். கத்தல் முகமூடியைத் தாண்டவில்லை. பிடித்து இழுத்தான். டேப் விடவில்லை. நன்றாகத்தான் ஒட்டியிருந்தான்.

தலைக்கு மேல் கான்கிரீட் உடைக்கும் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. இனி எந்தக் கத்தலும் யார் காதிலும் விழாது.

அவன் ஓடினான். விரிப்பு வழுக்கி முழங்காலிட்டு விழுந்தான். கூடத்தில் பாதி தூரம்கூட வந்திருக்கவில்லை.

மேலிருந்து பொடி உதிர்ந்து துண்டில் விழுந்தது.

உள்ளே ஒருவர் இருப்பதாக ஆணி சொன்னது. அது சொன்னபோது உள்ளே யாரும் இல்லை.

அவன் துண்டைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான்.

வாசலில் பாலித்தீன் மெதுவாக உள்ளே குழிந்தது. பிறகு, வெளியே உப்பவில்லை.