ஈய எழுத்து

படத்தில் இதயம் தவறான பக்கம் இருந்தது.

திரைக்கு இன்னும் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் போனால் மட்டும் அது இடம் மாறிவிடுமா என்ன? நான் ஒட்டிய 'எல்' எழுத்து ஒரு பக்கம், இதயம் எதிர்ப் பக்கம். வயிற்றுக்குள் தெரியும் காற்றுக்குமிழியும் இதயத்தோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு அந்தப் பக்கமே நின்றது.



எக்ஸ்ரே தகட்டில், நோயாளியின் இடது பக்கமாக, ஈயத்தில் செய்த 'எல்' எழுத்தை ஒட்ட வேண்டும். முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம். எழுத்து பக்கம் மாறினால், படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் செய்முறைத் தேர்வில் பூஜ்யம். டாக்டர் நல்ல நுரையீரலைத் துளைத்துவிடுவார் என்று பயமுறுத்தியே எங்களுக்கு இரண்டு வருடம் பாடம் நடத்தினார்கள்.

எனக்கு இடது வலது எப்போதுமே தகராறுதான். எழுதுகிற கையை மனதுக்குள் ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நான் வழி சொன்னால், என் கணவர் நான் சொன்னதற்கு எதிர்ப் பக்கம் திரும்புவார். பெரும்பாலும் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம். வகுப்பில் எல்லோரும் என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள். நேரில் 'அக்கா' என்பார்கள். நான் இல்லாதபோது 'ரிவர்ஸ் அக்கா'.

போன முறை இதே தேர்வில், இதே எழுத்தால்தான் தோற்றேன். இன்னொரு வாய்ப்பு கிடையாது. இன்றைக்கும் போனால் படிப்பே போச்சு.

முப்பத்தைந்து வயதில், எனக்குப் படிப்பு வரவில்லை என்று என் பெண்ணிடம் எப்படிச் சொல்வேன்? கணக்கு விடைத்தாளை ஒளித்துவைத்ததற்கு நேற்றுதான் அவள் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நோயாளி, கல் அறுக்கும் பட்டறையில் வேலை செய்பவர். தூசி வேலை என்பதால் வருடத்துக்கு ஒரு முறை நெஞ்சுப் படம் எடுத்தாக வேண்டுமாம். தகட்டைப் பார்த்து நிற்க வைத்தேன். தாடையை உயர்த்தி, தோள்களை முன்னால் தள்ளி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். எழுத்தை ஒட்டும்போது அவருடைய இடது தோளை மூன்று முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மூன்று முறையும் இடது தோள்தான். அல்லது மூன்று முறையும் வலது தோளா? என் கை நினைவிருந்தது. அவர் தோள் நினைவில்லை.

இன்னொரு படம் எடுக்கவும் முடியாது. அநாவசியமாக இரண்டாவது முறை கதிர் பாய்ச்சினாலும் பூஜ்யம்தான்.

அவரையே கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. என்னவென்று கேட்பது? "ஐயா, உங்க இதயம் எந்தப் பக்கம்?" என்றா? மனிதர் சட்டையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ஓடிவிடுவார்.

கணினியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் படம் இடவலமாகத் திரும்பிக்கொள்ளும். ஈய எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிக் காட்டிக்கொடுத்துவிடும்தான். ஆனால் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் அந்த எழுத்தே இருக்காது. பிறகு, இதயம் இருக்கும் பக்கமாகப் புதிதாக ஒரு 'எல்' அடித்துக்கொள்ளலாம்.

செய்யக் கூடாது. அதுவும் முதல் வாரப் பாடம்தான். சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

பக்கத்து அறையில் தேர்வாளர் தொண்டையைச் செருமினார். எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

தவறு என்னுடையதுதான் என்பதில் துளிச் சந்தேகமும் இல்லை. வேறு யாருடையதாக இருக்க முடியும்? என் தவறை நானே சரிசெய்கிறேன், இதனால் அந்த மனிதருக்கு ஒரு கெடுதலும் இல்லை, அவ்வளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திருப்பினேன். ஓரத்தை வெட்டினேன். புதிய 'எல்' போட்டேன். படம் பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே ஆகிவிட்டது.

அனுப்பினேன். உள்ளங்கை வேர்த்து மவுஸ் நனைந்திருந்தது. அதைக் கோட்டில் துடைத்து வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

கல் பட்டறைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பரீட்சை முடிஞ்சுதாம்மா? இனிமே சொல்லலாம்ல. அதுவரைக்கும் வாயே திறக்கக் கூடாதுன்னு உங்க சார் கண்டிப்பா சொல்லியிருந்தாரு."

எதைச் சொல்வது என்று கேட்டேன்.

"எனக்குப் பொறந்ததுலேருந்தே உள்ள எல்லாம் பக்கம் மாறித்தாம்மா இருக்கு, இதயம் வலது பக்கம். நாலு வருஷமா பரீட்சை அன்னிக்குப் பாத்துத்தான் எனக்குப் படம் எடுக்க வரச் சொல்றாரு. வர்றவங்க எல்லாரும் தாங்கதான் தப்புப் பண்ணிட்டோம்னு பயந்துபோய் படத்தைத் திருப்பிடுறாங்களாம். நீங்க எழுத்து ஒட்டினதை நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன். அப்பவே நெனச்சேன், இந்தத் தடவை ஒருத்தங்க பாஸ்னு."

அவர் சிரித்தார். எனக்காக நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

உள்ளேயிருந்து தேர்வாளர் என்னைக் கூப்பிட்டார்.

நான் சரியாகத்தான் ஒட்டியிருந்தேன். வெட்டியதும் அதைத்தான்.