படுத்துக்கொண்டே போகும் சீட்டு

பயண அலுவலகத்தின் கண்ணாடிக் கதவு வழியே மதிய வெயில் மேசைவரை நீண்டு கிடக்கிறது. டிக்கெட் போடும் பெண் கணினித் திரையைத் திருப்பி விமான இருக்கைகளின் படங்களைக் காட்டுகிறாள். "சாதா சீட்டுல முட்டி இடிக்கும் ஆன்ட்டி. அதுக்கு மேல உள்ளதுல கொஞ்சம் சாயலாம். பிசினஸ் கிளாஸ்னா கட்டில் மாதிரி, கால் நீட்டிப் படுத்துட்டே போகலாம்." மனைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்க்கிறாள். ஆயுசு முழுக்க லாரி ஓட்டிய கணவர் நாற்காலி நுனியில் மேசை விளிம்பைப் பற்றியபடி உட்கார்ந்திருக்கிறார். அவருடைய புற்றுநோய் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று காலையில்தான் டாக்டர் இருவரிடமும் சொன்னார். அங்கிருந்து நேரே இங்கே வந்திருக்கிறார்கள். "படுக்கிறதே போட்டுடலாங்க. உங்களுக்கு வலிக்காது" என்கிறாள் மனைவி. "ஜன்னலோரமா பாரு. கடல் தெரியணும்" என்கிறார் அவர். "எந்த மாசம் சார் போறீங்க?" என்று பெண் கேட்கிறாள். "அடுத்த வருஷம் இதே மாசம்" என்கிறார். "அதுக்கு இன்னும் புக்கிங் திறக்கலையே சார். திறந்ததும் கூப்பிடறேன். உங்க நம்பர் சொல்லுங்க." அவர் சட்டைப்பையில் இருக்கும் போனைத் தொட்டுப் பார்க்கிறார். பிறகு மனைவியைக் காட்டி, "அவ நம்பரையே எழுதிக்கோம்மா" என்கிறார். மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.