இடதுகைக்காரன் கிட்டார்

கரும்புத்தோட்ட வேலைநிறுத்தத்தில் க்ளெமான் சுடப்பட்டுச் செத்ததும், அவன் மனைவி ஜிசெல் கிட்டாரை ரோஸ் பெல் ஊரில் இருக்கும் என் கடையில் விற்றாள். ஆறு வருஷம் அது கம்பியில்லாமல் ஆணியில் தொங்கியது. திரும்ப வாங்க வந்தவளிடம் இரட்டை விலை சொன்னேன்.

"வாசிச்சாத்தான் கிட்டார் மரத்துல நாதம் பழுக்கும், முசியே. இது ஊமைக்கட்டை. பாதி விலை தர்றேன்."

அவள் வாயை அடைக்கப் புதுக் கம்பி பூட்டி மீட்டினேன். க்ளெமான் கையில்கூட அது அப்படிப் பாடியதில்லை. கிட்டாரின் முன்பலகையில், நான் வாங்கியபோது இல்லாத நகக்கீறல்கள். எல்லாம் இடதுகைக்காரன் கீறும் பக்கத்தில்.

ஜிசெல் அவற்றைத் தடவினாள். "என் புருஷன் கைதான். நான் ராத்திரியெல்லாம் வீட்டுக் கதவைத் திறந்துவெச்சுக் காத்திருக்கேன், இவர் இங்கயா வர்றாரு?"

"காசே வேண்டாம், எடுத்துப் போ" என்றேன். எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லாத வார்த்தை.

அவள் கிட்டாரைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

"கடையை எப்ப மூடுவீங்க, முசியே?"