உரிமையாளர் கையெழுத்து

தறிகள் நின்று இன்றோடு ஒன்பது நாள். தறிக்கூடத்தின் கூரைக் கண்ணாடி வழியே காலை வெயில் சதுரமாக இறங்குகிறது. அதில் பஞ்சுத் தூசி மிதக்கிறது. "முதலாளியம்மா, உக்காருங்க" என்று தார்க்குச்சியில் நூல் சுற்றும் பேச்சி முக்காலியைத் துடைத்துப் போட, முதல் தடவையாக இங்கே வந்திருக்கும் சண்முகவடிவு, வேறு யாரையோ அழைக்கிறாள் என்று திரும்பிப் பார்க்கிறாள். கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தியிருக்கும் கூட்டம் சிரிக்கிறது. "ஒங்களத்தாம்மா. வாசல் பலகையில ஒங்க பேருதான இருக்கு?" இருக்கிறது. அவள் கணவர் எம்.எல்.ஏ.; விசைத்தறிக் கூலியைத் தீர்மானிக்கும் குழுவிலும் இருக்கிறார். தனக்கு ஒரு தறிகூடக் கிடையாது என்று சட்டசபையில் அவர் பேசியது பேப்பரில் வந்தது. இருபத்து நாலு தறியும் அவள் பெயரில். கூலி உயர்வுக் காகிதத்தில் உரிமையாளர் கையெழுத்துப் போட்டால் போதும், இப்போதே தறி ஓடும். "அண்ணாச்சி மெட்ராஸ்ல இருந்து வரட்டும்மா, போட்டுராதிய" என்று மேனேஜர் ஆவுடையப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி கெஞ்சுகிறார். "அவுகளுக்குத்தான் தறியே கிடையாதே வே!" என்கிறது பின்னாலிருந்து ஒரு குரல். சண்முகவடிவுக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது, அடக்க முடியவில்லை. இத்தனை வருஷமும் அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், படிக்காமல் போட்ட கையெழுத்துகள். இந்தக் காகிதத்தை அவள் முதல் வரியிலிருந்து வாசிக்கிறாள். எங்கே போட வேண்டும் என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல், இடத்தைத் தானே கண்டுபிடித்துப் பெயரை முழுசாக எழுதுகிறாள். மை காயுமுன் பேச்சி ஓடிப்போய் சுவிட்சைத் தட்டுகிறாள். ஆவுடையப்பன் ஏதோ கத்துகிறார். தறிகளின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.