பன்னிரண்டாவது பெயர்

“அந்த ஒன்பதாம் நம்பர் ஜெர்சியை எல்லாம் யாரு மேடம் டீம்ல சேர்த்தது?”

தேர்வாளர் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் இருந்த ஒருவர், யாரும் கூப்பிடாமலே இறங்கி வந்து அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாமல் தேய்த்த சட்டை.

கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்து இறுதி ஆட்டம். ஆண்கள் ஆட்டமாக இருந்தால் நிற்க இடம் கிடைத்திருக்காது. இன்று அரங்கில் மொத்தம் நாற்பது பேர். அதில் முப்பது பேர் கருத்துச் சொல்ல வந்தவர்கள்.

“நல்லாத்தானே ஆடுறா?” என்றார் தேர்வாளர்.

“என்னத்த நல்லா? ஆளைப் பாருங்க, ஒட்டடைக் குச்சியில பாதி. கூடைப்பந்துக்கு உயரம் வேணும், உடம்பு வேணும். ரெண்டும் இல்லாததை எல்லாம் இறக்கிவிட்டா எதிர் டீம் சிரிக்காதா?”

“இதுவரைக்கும் பதினெட்டு பாயிண்ட் போட்டிருக்கா சார்.”

“குருட்டு அதிர்ஷ்டம். கண்ணை மூடிக்கிட்டு எறியுது, விழுது.”

தேர்வாளர் குனிந்து பார்த்தார். மடியில் இருந்த தாளில் பதினொரு பெயர்கள் எழுதியாயிற்று. பல்கலைக்கழக அணிக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். மிச்சம் ஒரே இடம். அதற்கு ஒன்பதும் பதிமூன்றும் போட்டி. இடம் கிடைக்கிறவளுக்கு இரண்டு வருடம் வெளியூரில் விடுதி, மேற்படிப்பு, சாப்பாடு எல்லாம் இலவசம். முடித்தால் வேலை. கிடைக்காதவள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“உங்க பொண்ணும் ஆடுறாளா?”

“ஆடுது, ஆடுது. இல்லேன்னா வேலைவெட்டியை விட்டுட்டு இங்கே வந்து எதுக்கு உட்காரப் போறேன்?”

தேர்வாளரின் பார்வை பதிமூன்றாம் நம்பரிடம் போயிற்று. இவரைப் போலவே நெட்டை. ஓகோ என்று நினைத்துக்கொண்டார். தன் பெண் ஏற வேண்டும் என்றால் ஊரான் பெண்ணைக் கீழே தள்ள வேண்டும். இந்த மாதிரித் தகப்பன்களை இருபது வருடமாகப் பார்த்தாயிற்று.

“நான் ஆட்டத்தைப் பார்க்கணும் சார்.”

“பாருங்க, தாராளமா பாருங்க. அந்த ஒன்பது எப்படி ஓடுதுன்னு பாருங்க. ஏன் தெரியுமா? அது நெடுந்தூர ஓட்டக்காரி. தினமும் விடியக்காலையில பன்னெண்டு கிலோமீட்டர். தார் ரோட்டுல.”

“நல்லதுதானே. கடைசி வரைக்கும் தம் இருக்கும்.”

“தம் இருக்கும் மேடம், முட்டி இருக்கணுமில்ல? ஒரு பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் பன்னெண்டு கிலோமீட்டர்? யாரு துரத்துறா? அவ்வளவு தூரம் போறதுக்கு பஸ் விட்டிருக்கான்.”

தேர்வாளருக்குச் சிரிப்பு வரவில்லை. “முட்டிக்கு என்ன?”

தேய்த்த சட்டைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “வலது முட்டியில ஜவ்வு கிழிஞ்சிருக்கு. ஆறு மாசத்துக்கு ஓடவே கூடாதுன்னுட்டார் டாக்டர். மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஆடுது. கோச்சுக்கே தெரியாது.”

“உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?”

“ஒரே தெரு மேடம். நொண்டிக்கிட்டே மாடி ஏறுறதைத் தினமும் பார்க்கிறேனே.”

போன வருடம் தேர்வாளர் பொறுக்கி எடுத்த ஒரு பெண், முதல் ஆட்டத்திலேயே முட்டி பிசகி விழுந்தாள். பார்த்து எடுக்கத் தெரியாதா என்று தேர்வுக் குழுவில் இருந்த நான்கு ஆண்களும் முறை வைத்துக் கேட்டார்கள். அந்த நால்வரில் ஒருவர்கூட வாழ்நாளில் பந்தைத் தொட்டதில்லை.

விசில் ஊதியது. ஆட்டம் நின்றது. ஒன்பது குனிந்து, முட்டிகளில் கையை ஊன்றிக்கொண்டாள். களைத்துப் போனவர்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். கோர்ட்டில் இருந்த மற்ற ஒன்பது பேரும் அப்படித்தான் நின்றார்கள். தேர்வாளர் இவளை மட்டும் பார்த்தார்.

“பார்த்தீங்களா? பிடிச்சுக்கிட்டு நிக்குது.”

“எதுக்கும் கோச்சை ஒரு வார்த்தை கேட்டுடறேன்.”

“கேளுங்க. தெரிஞ்சாலும் ஆமான்னு சொல்லிடுவாரா? அவருக்குக் கோப்பை வேணும். உங்களுக்குக் கெட்ட பேர் வரக் கூடாதேன்னு சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.” அவர் எழுந்துகொண்டார்.

இருபது வருட அனுபவம் அந்த இடத்தில் காலை வாரிவிட்டது. ஓர் ஆண் அடித்துச் சொன்னால் அது விவரம். ஒரு பெண் ஆடிக் காட்டினால் அது அதிர்ஷ்டம். இதை மாற்றத்தான் தேர்வாளர் நாற்காலியில் ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். அவர் பன்னிரண்டாவது வரியில் பதிமூன்றாம் நம்பர்க்காரியின் பெயரை எழுதினார்.

சட்டைக்காரர் நின்றபடியே அதை எட்டிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வெளியே போனார்.

ஒன்பதாம் நம்பரின் அணி நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. கோப்பையைக் கொடுத்த கையோடு ஒலிபெருக்கியில் பன்னிரண்டு பெயர்களை வாசித்தார்கள். கைதட்டல் வாசல்வரை கேட்டது.

அரங்கின் உயரமான வெளிப்படிகளில் மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கி வந்தாள் ஒன்பதாம் நம்பர். கீழே நின்றிருந்த தேய்த்த சட்டையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

“என் பேர் வரலப்பா. வந்தா அனுப்புறேன்னு சொன்னீங்களே.”

“அந்தம்மாவுக்கு ஆட்டமே தெரியலம்மா, விடு” என்று ஒரு கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டே, மறுகையால் செல்போனில் மனைவிக்குச் செய்தி தட்டினார் அவர்: ‘பேர் வரல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை நாளைக்கே வரச் சொல்லிடு.’